ஊனோவின் டிஜிட்டல் பின்களால் 3 முதல் 12 வோல்ட் வரை டிசியை ஏற்றி இறக்குவது எப்படி?

கேட்டவர் எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசியை வைத்து ஒரு சின்ன பவர் சப்ளை செய்திருக்கிறார். பொட்டென்ஷியோமீட்டரைத் திருகினால் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. அந்தத் திருகும் வேலையை அர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டிடம் ஒப்படைத்து, தன் சென்சார் போர்டுகளை 3 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை தானாகவே ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும் என்கிறார். 1 ஆம்பியர் வரை தேவைப்படலாமாம். பின்னுக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கும் அனலாக்ரைட் கட்டளையில் 128 கொடுத்தபோது மல்டிமீட்டர் 2.5 வோல்ட் காட்டியது, ஆனால் அந்தப் பின்னில் போர்டை மாட்டியதும் அது சரியாக ஓடவில்லை. டிஜிட்டல் பின் 0 அல்லது 5 மட்டும்தானே தரும், அதை வைத்து 7.3 வோல்ட் எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டே நிலை உள்ள பின்னிலிருந்து இடைப்பட்ட ஒரு வோல்டேஜை எப்படி உருவாக்குவது என்பது முதலாவது. அந்த வோல்டேஜை, ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் இழுக்கும் லோடுக்கு எப்படிக் கொடுப்பது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே பின்னிடம் கேட்டதால்தான் குழப்பம். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஒரு பின் தாங்கக்கூடிய உச்சவரம்பு 40 மில்லிஆம்பியர், நிம்மதியாக எடுக்கக்கூடியது 20. ஆகவே எத்தனை வோல்ட் வேண்டும் என்று சொல்வது மட்டுமே பின்னின் வேலை. சுமக்கும் வேலையை அதற்கென்றே இருக்கும் வேறொரு பாகத்திடம் விட வேண்டும். இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் ரெசிஸ்டர் கணக்குதான்.

மல்டிமீட்டரில் தெரிந்த 2.5 வோல்ட் எந்த நொடியிலும் அந்தப் பின்னில் இருந்ததில்லை. ஊனோவின் 3, 9, 10, 11 ஆகிய பின்களில் நொடிக்குச் சுமார் 490 முறையும், 5, 6 ஆகிய பின்களில் சுமார் 980 முறையும் 5 வோல்ட்டும் 0 வோல்ட்டும் மாறி மாறி வருகின்றன. இதற்குத்தான் பிடபிள்யூஎம் என்று பெயர். மீட்டர் மெதுவானது, அதனால் சராசரியைக் காட்டுகிறது. சென்சார் போர்டுக்கோ ஒவ்வொரு முறையும் கரண்ட் வந்து வந்து போவதாகத்தான் தெரியும். உங்கள் லோடு டிசி மோட்டாரோ எல்இடி பட்டையோ ஹீட்டரோ என்றால் இதுவே போதும், மேற்கொண்டு எதுவும் வேண்டாம். கேட் காலில் 5 வோல்ட் வந்தாலே முழுதாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் போன்ற ஒரு மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து, மோட்டாராக இருந்தால் குறுக்கே ஒரு டயோடும் போட்டு, பிடபிள்யூஎம்மை நேராகக் கொடுத்துவிடலாம். பலரும் தேவையே இல்லாத இடத்தில் வழுவழுப்பான டிசி வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். சென்சார் போர்டு அந்த வகை இல்லை. அதற்கு உண்மையான, அலையாத டிசி வேண்டும்.

சராசரியை நிஜமாக்க எளிய வழி, ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த ஆர்சி ஃபில்டர். ஆனால் எந்த மதிப்புகள் என்பதில் கணக்குப் போட்டே ஆக வேண்டும். 490 ஹெர்ட்ஸில், 10 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரட்டும் வைத்தால், 50 சதவீத டியூட்டியில் (பாதி நேரம் 5 வோல்ட், பாதி நேரம் 0) மிச்சமிருக்கும் ரிப்பிள், அதாவது அலைவு, சுமார் 25 மில்லிவோல்ட். அனலாக்ரைட்டின் ஒரு படியே 20 மில்லிவோல்ட்தான். அதாவது ரிப்பிள் ஒரு படியையே விழுங்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் ரிப்பிள் குறையும், ஆனால் வோல்டேஜ் மாறி நிலைக்க நொடிக்கணக்கில் காத்திருக்க நேரும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவதைவிட அலைவரிசையை உயர்த்துவதுதான் நல்லது. ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் டைமர்1-ஐ 10 பிட், பிரீஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுத்துக் குறைப்பது) இல்லாத ஃபாஸ்ட் பிடபிள்யூஎம்மில் வைத்தால் 9, 10 பின்களில் 15,625 ஹெர்ட்ஸ் கிடைக்கும். படிகளும் 256-இலிருந்து 1024 ஆகும். அப்போது 10 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போதும். ரிப்பிள் 8 மில்லிவோல்ட். அதே போல இன்னொரு ஜோடியை அடுத்து மாட்டினால் ரிப்பிள் மைக்ரோவோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். வோல்டேஜ் நிலைக்க ஆகும் நேரம் ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் சோதனைக்கு அது தாராளம்.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிடபிள்யூஎம் கொடுக்கும் வோல்டேஜ், போர்டுக்கு வரும் 5 வோல்ட்டின் ஒரு பங்கு. யூஎஸ்பியிலிருந்து வரும் அந்த 5 வோல்ட் எப்போதும் 5 அல்ல. 4.8 இருக்கலாம், 5.1 இருக்கலாம், பக்கத்தில் ஒரு எல்இடி எரிந்தாலே கொஞ்சம் இறங்கலாம். அது 4 சதவீதம் இறங்கினால் உங்கள் 12 வோல்ட்டும் கிட்டத்தட்ட அரை வோல்ட் இறங்கும். 1024 படிகள் இருந்து என்ன பயன்? போர்டுகளைச் சோதிப்பதற்கான சப்ளை இப்படி ஆடக் கூடாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது எம்சிபி4821. எட்டுக் கால் உள்ள 12 பிட் டிஏசி சிப், அதாவது எண்ணை வோல்டேஜாக மாற்றித் தரும் சிப். ஊனோவின் மூன்று டிஜிட்டல் பின்கள் வழியே எஸ்பிஐ என்ற தகவல் பரிமாற்ற முறையில் பேசும். உள்ளேயே 2.048 வோல்ட் ரெஃபரன்ஸ் (அளவுகோலாக நிற்கும் நிலையான வோல்டேஜ்) இருக்கிறது. கெயின் (பெருக்கும் மடங்கு) 2 என்று வைத்தால் 0 முதல் 4.095 வோல்ட் வரை, ஒரு படிக்கு 1 மில்லிவோல்ட். 2500 என்று எழுதினால் 2.5 வோல்ட் வருகிறது. ரெஃபரன்ஸில் 2 சதவீதம் வரை விலகல் இருக்கலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஆனால் அது நாளுக்கு நாள் ஆடாது. ஒருமுறை அளந்து புரோகிராம் கோடில் திருத்திவிடலாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எம்சிபி4725 மாட்யூலும் நல்லதுதான். அதுவும் 12 பிட், ஐ2சி என்ற இன்னொரு தகவல் பரிமாற்ற முறையில் இரண்டே வயர். ஆனால் அது தன் சப்ளையையே ரெஃபரன்ஸாக எடுத்துக்கொள்வதால் மேலே சொன்ன யூஎஸ்பி பிரச்சினை அப்படியே ஒட்டிக்கொள்ளும். எட்டுப் பின்களில் ரெசிஸ்டர்களை ஏணி போலக் கோக்கும் ஆர்-2ஆர் முறையும் உண்டு. கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் எட்டு பிட் துல்லியம் வேண்டுமென்றால் மேல் பிட்டுகளின் ரெசிஸ்டர்கள் 0.4 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். ஒரு சதவீத ரெசிஸ்டர்களை வைத்து 127-இலிருந்து 128-க்குப் போகும்போது வோல்டேஜ் ஏறுவதற்குப் பதிலாக இறங்கக்கூட வாய்ப்புண்டு.

சரி, 0 முதல் 4 வோல்ட் வரை நல்ல டிசி கையில் வந்துவிட்டது. இனி அதை 12 வரை உயர்த்தி, கரண்ட்டும் கொடுக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் எல்எம்317-ஐத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்த ஐசிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: தன் அட்ஜஸ்ட் காலில் என்ன வோல்டேஜ் இருக்கிறதோ, அதைவிட 1.25 வோல்ட் அதிகமாக அவுட்புட்டில் வைத்திருப்பது. பொட்டென்ஷியோமீட்டர் இதுவரை அந்தக் காலின் வோல்டேஜைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அதே காலை, வோல்டேஜைப் பெருக்கித் தரும் ஓர் ஆப்-ஆம்ப் ஐசியால் ஓட்டுங்கள். எல்எம்358 போதும். 10 கிலோ ஓமும் 18 கிலோ ஓமும் வைத்து 2.8 மடங்கு கெயின் கொடுத்தால், டிஏசியின் உச்சத்தில் அட்ஜஸ்ட் காலில் சுமார் 11.5 வோல்ட்டும் அவுட்புட்டில் சுமார் 12.7 வோல்ட்டும் வரும். ஒரு படி 2.8 மில்லிவோல்ட். உள்ளே வரும் சப்ளை 15 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பழைய லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட் பொருந்தும். எல்எம்358 32 வோல்ட் வரை தாங்கும் என்பதால் அதற்கும் அதிலிருந்தே சப்ளை கொடுக்கலாம்.

இந்த இடத்தில் மூன்று சின்ன விஷயங்களைச் சரியாகச் செய்யாவிட்டால் சர்க்யூட் படுத்தும். உங்கள் போர்டில் அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் இருந்தபோது அது நன்மை செய்தது. ஆப்-ஆம்ப்புக்கோ அது நேரடிச் சுமை, ஆசிலேட் ஆக (தானாக ஊசலாட) ஆரம்பித்துவிடும். அப்புறம், அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே இருக்கும் 240 ஓமை அப்படியே விடலாம், ஆனால் அதன் வழியே வரும் 5 மில்லிஆம்பியரை ஆப்-ஆம்ப்தான் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எல்எம்358 கிரவுண்டை ஒட்டிய நிலையில் அவ்வளவு இழுக்காது. ஆகவே இந்த சர்க்யூட் 1.25 வரை இறங்காது, 2 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடும். உங்கள் தேவை 3 வோல்ட் என்பதால் பாதகமில்லை. மூன்றாவது, எல்எம்317 சரியாக ரெகுலேட் செய்ய மோசமான நிலையில் 10 மில்லிஆம்பியர் லோடு வேண்டும் என்று டேட்டாஷீட் கேட்கிறது. அவுட்புட்டில் 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டால், 3 வோல்ட்டிலும் அந்த 240 ஓமோடு சேர்ந்து 11 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடும்.

இப்போது உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி: அந்த 1 ஆம்பியர். 19 வோல்ட் உள்ளே, 3 வோல்ட் வெளியே, 1 ஆம்பியர் என்றால் நடுவில் 16 வாட் எல்எம்317-இலேயே சூடாக எரிகிறது. டிஓ-220 பேக்கேஜில் சிப்பிலிருந்து உலோக முதுகுக்கு வாட்டுக்கு ஏறத்தாழ 5 டிகிரி ஏறும். நல்ல பெரிய ஹீட் சிங்க் வைத்தாலும் இன்னொரு 3 டிகிரி. மொத்தம் 128 டிகிரி. சித்திரை மாத அறையின் 40 டிகிரியையும் சேர்த்தால் 168. அந்த ஐசியின் வரம்பு 125. அந்த வரம்பைத் தாண்டிச் சூடேறும்போது அது தன் வெப்பப் பாதுகாப்பால் தன்னை அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி எழும். வோல்டேஜ் விட்டுவிட்டு வரும். ஹீட் சிங்க்கைப் பெரிதாக்குவதால் மட்டும் இது எளிதில் தீராது, ஏனென்றால் அந்த முதல் 5 டிகிரி ஐசிக்குள் இருக்கிறது. 300 மில்லிஆம்பியர் வரை என்றால் 5 வாட்டுக்குள் முடிந்துவிடும், சாதாரண ஹீட் சிங்க்கே போதும். சென்சார் போர்டுகள் பெரும்பாலும் சில பத்து மில்லிஆம்பியர்தான் எடுக்கும். அதனால் 1 ஆம்பியர் என்பது அளந்து சொன்னதா, பாதுகாப்புக்காகச் சொன்னதா என்று முதலில் பாருங்கள். அளக்காமல் சொன்னது என்றால் மேலே உள்ள எல்எம்317 வழியே உங்களுக்குச் சரி.

உண்மையாகவே 1 ஆம்பியர் வேண்டும் என்றால் ஸ்விட்ச்சிங் வழிக்குப் போக வேண்டும். எங்கும் கிடைக்கும் எல்எம்2596 பக் மாட்யூலை (வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்டேஜைக் குறைக்கும் போர்டு) எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் ஃபீட்பேக் காலில் எப்போதும் 1.23 வோல்ட் இருக்குமாறு அவுட்புட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும். மாட்யூலில் இருக்கும் நீல நிற டிரிம்பாட்டை (சின்ன பொட்டென்ஷியோமீட்டர்) கழற்றி, அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக்குக்கு 8.2 கிலோ ஓம், ஃபீட்பேக்கிலிருந்து கிரவுண்டுக்கு (ஏற்கெனவே அங்கிருக்கும் சின்ன ரெசிஸ்டருக்குப் பதில்) 1.2 கிலோ ஓம் போட்டு, டிஏசியின் அவுட்புட்டை 3.3 கிலோ ஓம் வழியாக அதே காலில் சேருங்கள். டிஏசி 0 என்றால் அவுட்புட் சுமார் 12.7 வோல்ட், டிஏசி 4.095 என்றால் சுமார் 2.5 வோல்ட். ஆம், தலைகீழ். டிஏசி ஏற ஏற அவுட்புட் இறங்கும். டிஏசி இல்லாமல் ஃபில்டர் செய்த பிடபிள்யூஎம்மைக் கொடுப்பதானால், ஃபில்டரின் ரெசிஸ்டரும் இந்த 3.3 கிலோவோடு சேர்ந்து கணக்கை மாற்றிவிடும். நடுவில் வோல்டேஜை அப்படியே கடத்தும் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வையுங்கள். இந்த மாட்யூலின் அவுட்புட்டில் சில பத்து மில்லிவோல்ட் ஸ்விட்ச்சிங் ரிப்பிள் இருக்கும். நுண்ணிய அனலாக் சென்சார்களுக்கு அது தொல்லை. டிஜிட்டல் சென்சார்களுக்குப் பெரும்பாலும் இல்லை. மலிவு மாட்யூல்களில் மேலே எல்எம்2596 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அசல் சிப்தானா என்பது சந்தேகமே. 150 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுவதைப் பலரும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே 3 ஆம்பியர் என்ற அதன் வாக்கை நம்பாமல் 1 ஆம்பியரோடு நில்லுங்கள்.

எந்த வழியில் போனாலும், ஊனோ ரீசெட் ஆகும் அந்த ஒரு கணத்தில் அவுட்புட் என்ன ஆகும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரீசெட்டில் எல்லாப் பின்களும் இன்புட் ஆகி அந்தரத்தில் தொங்கும். பூட்லோடர் (ஊனோ எழும்போது முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) முடியும் வரை அப்படியேதான். எம்சிபி4821-உம் மின்சாரம் வந்ததும் முதல் கட்டளை வரும் வரை தன் அவுட்புட்டை எதனோடும் இணையாதது போலத் திறந்தே வைத்திருக்கும். எல்எம்317 வழியில், அந்தரத்தில் விட்ட எல்எம்358-இன் இன்புட் காலிலிருந்து மிகச் சிறிய கரண்ட் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதுவே காலை மேலே தூக்கி, அவுட்புட்டை உச்சத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டால் பிரச்சினை முடிந்தது. ஃபில்டர் செய்த பிடபிள்யூஎம் என்றால் அந்த ரெசிஸ்டரை ஃபில்டருக்குப் பின்னால் போடாதீர்கள், வோல்டேஜைப் பங்கு போட்டுவிடும். ஊனோவின் பின்னிலேயே போடுங்கள். பக் மாட்யூலில் நிலைமை மோசம். டிஏசி திறந்திருந்தால் மேலே சொன்ன மதிப்புகளில் 9.6 வோல்ட் வரும். 3.3 வோல்ட் போர்டு மாட்டியிருந்தால் அது போயே போய்விடும். இதற்கு எல்எம்2596-இன் ஐந்தாவது காலைப் பயன்படுத்தலாம். அது தாழ்ந்திருந்தால் ஐசி ஓடும், உயர்ந்திருந்தால் நிற்கும். மாட்யூலில் கிரவுண்டோடு இணைந்திருக்கும் அந்தக் காலைத் தூக்கிவிட்டு, உள்ளே வரும் 19 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக மேலே இழுத்து, ஒரு பிசி547 டிரான்சிஸ்டரால் கீழே இழுங்கள். அதன் பேஸுக்கு ஊனோவின் ஒரு பின்னை 4.7 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். ஊனோ உயிரோடு இருந்து சொன்னால் மட்டுமே அவுட்புட் வரும். அந்தக் கால் 25 வோல்ட் வரைதான் தாங்கும், அதற்கு மேற்பட்ட அடாப்டரோடு இப்படிச் செய்யாதீர்கள்.

பொட்டென்ஷியோமீட்டர் இருந்த இடத்தில் ஒரு டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரை வைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். எம்சிபி41010, எக்ஸ்9சி103 போன்றவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது இயல்பு. ஆனால் அவற்றின் கால்கள் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எல்எம்317-இன் அட்ஜஸ்ட் காலில் 10 வோல்ட்டுக்கு மேல் ஏறும். நேராக வைத்தால் சிப் போய்விடும்.

இன்னொரு சாத்தியம்: உங்களுக்கு உண்மையில் தொடர்ச்சியான வோல்டேஜ் வேண்டாம், 3.3, 5, 9, 12 என்று நான்கு நிலைகள் போதும் என்றால் டிஏசியே தேவையில்லை. எல்எம்317-இன் டேட்டாஷீட்டிலேயே அந்த சர்க்யூட் இருக்கிறது. 240 ஓமோடு கீழ் ரெசிஸ்டர் சுமார் 2.06 கிலோ ஓம் என்றால் 12 வோல்ட். அதற்கு இணையாக ஒரு டிரான்சிஸ்டர் மூலம் 5.3 கிலோவைச் சேர்த்தால் 9, 1.1 கிலோவைச் சேர்த்தால் 5, 490 ஓமைச் சேர்த்தால் 3.3. மூன்று பின், மூன்று பிசி547. டிரான்சிஸ்டரில் நிற்கும் சிறு வோல்டேஜும் அட்ஜஸ்ட் காலின் 50 மைக்ரோஆம்பியரும் சேர்ந்து 0.1 வோல்ட் அளவுக்கு மேலே தள்ளும், அதை ரெசிஸ்டரில் சரிசெய்துகொள்ளலாம். இங்கேயும் எல்லாப் பின்களும் அணைந்தால் வருவது 12 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம்.

துல்லியத்துக்கு ஊனோவே அவுட்புட்டை அளந்து திருத்தட்டும். 110 கிலோவும் 10 கிலோவும் வைத்து அவுட்புட்டை 12-இல் ஒரு பங்காக்கி அனலாக் பின்னில் கொடுங்கள். ரெஃபரன்ஸை 5 வோல்ட்டில் விடாமல் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். அந்த 1.1, சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை வேறுபடலாம், ஆனால் ஒரே சிப்பில் நிலையாக இருக்கும். அந்த ரெஃபரன்ஸ் வெளியே தெரியும் ஏரெஃப் காலில் அளந்து, வரும் எண்ணைக் கோடில் எழுதுங்கள். 13.2 வோல்ட் வரை, 13 மில்லிவோல்ட் படிகளில் படிக்கலாம். திருத்தம் மெதுவாக நடக்கட்டும். பத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை பார்த்து, 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிஏசியை ஒரே ஒரு படி நகர்த்தினால் போதும். வேகமான திருத்தத்தை ரெகுலேட்டர் ஐசி ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. கோடும் அதே வேகத்தில் பாய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தி, அவுட்புட் ஊஞ்சலாடும்.

இங்கே கொடுத்த ரெசிஸ்டர் மதிப்புகளும் சூட்டுக் கணக்கும் டேட்டாஷீட் எண்களிலிருந்து வருபவை, அவற்றை நம்பி வாங்கலாம். ஆப்-ஆம்ப் நிலையாக நிற்குமா என்பதை மட்டும் காகிதத்தில் முடிவு செய்ய முடியாது. வயரின் நீளம், பிரெட்போர்டு, லோடின் முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் எல்லாம் அதில் விளையாடும். அவுட்புட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். அது இல்லையென்றால் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள், அதிக வேக அலைகள் அதில் முழுதாகத் தெரியாவிட்டாலும் பெரிய கோளாறு தெரிந்துவிடும். ஆடினால் ஆப்-ஆம்ப்புக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 100 ஓம் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். முதல் முறை சென்சார் போர்டை மாட்டாதீர்கள். 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவுட்புட்டில் மாட்டி, 5 வோல்ட்டில் வைத்து, மீட்டரைப் பார்த்தபடியே ஊனோவின் ரீசெட் பட்டனை அழுத்துங்கள், பிறகு யூஎஸ்பியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். இரண்டு முறையும் எண் 5-ஐத் தாண்டி மேலே போகாமல் இருந்தால் போர்டை மாட்டலாம்.